இணையதளத்துக்கும் ஒரு எம்-புக் வேண்டும்

அரசுத் துறைகளில் இணையதளத்துக்கு ஒப்பந்தப்புள்ளி எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயா, அம்மா,

வணக்கம். துறை, வாரியம், பல்கலைக்கழகம், நகராட்சி என்று நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, 'இணையதளம் வடிவமைத்துப் பராமரித்தல்' என்று ஒரு கோப்பு எப்போதாவது உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதற்கு ஒப்பந்தப்புள்ளி எழுதுகிறவர் நீங்கள். செய்து வந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரும் நீங்கள்தான். அமைச்சருக்கோ செயலாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் அதுதான். ஒரு தளம் உருப்படியாக வருமா வராதா என்பது தொடக்க விழா நடப்பதற்கு ரொம்ப முன்பே, நீங்கள் எழுதுகிற அந்த இருபது முப்பது பக்கத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

நான் மதுரைக்காரன். இணையப் பக்கங்கள் கட்டுவது பிழைப்பு. தொழிலில் ஃப்ரண்ட்-எண்ட் என்பார்கள். திரையில் கண்ணில் படுவதும் விரல் தொடுவதும் என் பொறுப்பு. அரசு டெண்டரில் நேரடியாகக் கலந்துகொண்டதில்லை. டெண்டர் எடுத்தவரிடம் எடுத்தவரிடம் எடுத்து வேலை செய்திருக்கிறேன். அந்தச் சங்கிலி உங்களுக்குப் புதிதாக இருக்காது. கடைசிக் கண்ணியில் இருப்பவனுக்கு ஒரு ஜிப் கோப்பு வரும், அதில் திரைகளின் படங்கள் இருக்கும், கூடவே "வெள்ளிக்கிழமைக்குள்" என்று ஒரு சொல் வரும். யாருக்காகக் கட்டுகிறோம், அவர்கள் எந்தப் போனில் திறப்பார்கள் என்பதெல்லாம் வராது.

ஒப்பந்தப்புள்ளிகள் பொது ஆவணங்கள், யாரும் படிக்கலாம். எனக்கு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவைதான் அதிகம். சிலவற்றில் முந்தைய துறையின் பெயர் நடுவில் எங்கோ அப்படியே தங்கியிருக்கும். மாறாத பக்கங்கள் இத்தனை, மாறும் பக்கங்கள் இத்தனை, புகைப்படத் தொகுப்பு, வருகையாளர் எண்ணிக்கை, ஓடும் செய்திப் பட்டை, இருமொழி வசதி, எல்லாத் திரைக்கும் பொருந்தும் வடிவம், பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழ். கடைசியில் ஒரு வரி: தளம் கவர்ச்சியாகவும் பயன்படுத்த எளிதாகவும் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் வெளியாள் வந்து பார்த்துச் சான்று தருவது பாதுகாப்புத் தணிக்கை ஒன்றுக்குத்தான். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அந்த ஒன்று ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. மற்றவை இருக்கிறதா, இல்லையா, டிக். அவ்வளவுதான்.

பொதுப்பணித் துறையில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு எப்படிப் பணம் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கான்கிரீட் போடும் அன்றே அதே கலவையை 150 மில்லிமீட்டர் கட்டைகளாக வார்த்து வைக்கிறார்கள். 7 நாளில் சிலவற்றை, 28 நாளில் சிலவற்றை நசுக்கிப் பார்க்கிறார்கள். பொறியாளர் நாடா பிடித்து அளந்து எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏற்றினால்தான் பில் நகரும். 'தூண் கவர்ச்சியாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டு, வர்ணம் அடித்த தூணின் புகைப்படத்தைப் பார்த்துப் பணம் விடுவிக்கும் வழக்கம் எந்தக் கோட்டத்திலும் கிடையாது. இணையதளத்தில் நடப்பது ஏறக்குறைய அதுதான். மாநாட்டு அறையில் புரொஜெக்டர். நிறுவனத்து ஆள் தன் மடிக்கணினியில் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். பெயர்ப் பெட்டியில் 'டெஸ்ட்' என்று முன்பே நிரப்பியிருக்கிறது, கைபேசி எண் பத்து ஒன்பதுகள். நல்லா இருக்கு, அந்த நீலத்தை மட்டும் கொஞ்சம் மாத்துங்க, சரி. கையெழுத்து.

நிஜமான சோதனை அதற்கப்புறம் வேறோர் இடத்தில் நடக்கிறது. எந்தத் தாலுகா அலுவலகத்துக்கும் எதிர்வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். உள்ளே இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். எனக்குத் தெரிந்த அப்படி ஒரு கடையில், மானிட்டரின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறார் கடைக்காரர். அதில் எழுதியிருந்தது ஏறக்குறைய இது: போட்டோ 50 கேபிக்குக் கீழ். கையெழுத்து 20 கேபி. பெயரில் புள்ளி கூடாது. முகவரியில் சாய்கோடு கூடாது. ஓடிபி வராவிட்டால் ரீசெண்ட் அமுக்காதே, பொறு. பணம் கட்டும்போது பேக் போகாதே. காலை சீக்கிரம் போட்டால் ஓடும்.

எங்கள் தொழிலில் இதற்கு பக் ரிப்போர்ட், அதாவது குறை அறிக்கை, என்று பெயர். பெரிய நிறுவனங்கள் இப்படி ஒன்றைப் பெறுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. இங்கே அது இலவசமாகச் சுவரோரம் ஒட்டிக் கிடக்கிறது, வாங்கிப் படிக்க ஆளில்லை. அதில் இரண்டு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முகவரியில் சாய்கோடு கூடாது என்ற வரி. தமிழ்நாட்டில் கதவு எண் எப்படி இருக்கும்? பழைய எண் 12/4, புதிய எண் 31/2. பாதி ஊருக்குச் சாய்கோடு இல்லாமல் முகவரியே கிடையாது. அப்புறம் ஏன் தடுக்கிறது? பாதுகாப்புத் தணிக்கையில், பெட்டிகள் வழியாகத் தீய கட்டளைகளைத் தரவுத்தளத்துக்குள் செலுத்த முடியும் என்று அறிக்கை வந்திருக்கும். அதற்கு முறையான மருந்து, பயனர் தட்டியதைக் கட்டளையோடு ஒட்டவிடாமல் தனி மதிப்பாக அனுப்புவது. திரும்பத் திரையில் காட்டும்போது அதற்குரிய பாதுகாப்போடு காட்டுவது. பல ஆண்டுகளாகத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற நிரலைத் திருத்த வேண்டும், நேரம் பிடிக்கும். குறுக்குவழி, எழுத்தும் எண்ணும் தவிர எல்லாவற்றையும் பெட்டியிலேயே தடுத்துவிடுவது. சான்றிதழ் வந்துவிடுகிறது. மக்கள் தங்கள் வீட்டு எண்ணை மாற்றி எழுதிக்கொள்கிறார்கள். பிறகு சரிபார்க்கப் போகிற கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் காகிதத்தில் முகவரி ஆதாரோடு ஒத்துப்போகாது.

போட்டோ 50 கேபிக்குக் கீழ் என்ற வரி. இன்றைய கைபேசியில் எடுத்த படம் இரண்டு மூன்று எம்பி வரும். அதைச் சுருக்கும் வேலையை விண்ணப்பதாரரின் உலாவியே செய்யும். கேன்வாஸ் என்ற வசதி எல்லா உலாவியிலும் இருக்கிறது, சில பத்து வரி நிரல் போதும். இல்லையா, சர்வரில் சுருக்கலாம். இரண்டும் செய்யாததால் கடைக்காரர் என்ன செய்கிறார் தெரியுமா? 'படத்தைச் சுருக்கு' என்று தேடி, முதலில் வரும் ஏதோ ஓர் இலவசத் தளத்தில் விண்ணப்பதாரரின் படம், கையெழுத்து, சில சமயம் ஆதார் அட்டையையும் ஏற்றிச் சுருக்கி இறக்குகிறார். அந்தத் தளம் யாருடையது, அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பாதுகாப்புத் தணிக்கையில் தேறிய தளம் இது.

இனி தமிழுக்கு வருகிறேன். இருமொழி வசதி என்று எழுதினால் ஆங்கிலப் பக்கத்தைக் கட்டி முடித்து, கடைசி வாரத்தில் சொற்களை மட்டும் மாற்றிவிடுவதுதான் நடைமுறை. மாற்றிப் பார்த்தால் பொத்தானுக்குள் எழுத்து அடங்காது. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் கி, கீ வளைவுகளும் உண்டு, கீழே கு, கூ, மூ இறங்கும். ஆங்கிலத்துக்கு எழுத்தளவில் 1.2 மடங்கு வரி உயரம் போதும். அதே அளவில் தமிழை வைத்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டும். என் கைக்கு 1.6 மடங்குக்குக் குறைந்தால் சரிவருவதில்லை. பொத்தானின் உயரத்தை நிலையாக வைத்து, மிஞ்சுவதை மறை என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நிரலில்) எழுதியிருந்தால் மேலே இருக்கிற புள்ளி வெட்டுப்படும். புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். தடித்த எழுத்துக்கென்று தனி எழுத்துருக் கோப்பைத் தராமல் விட்டால் உலாவி தானே எழுத்தைத் தடிக்க வைக்கும். அப்போது ண, ஞ போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துபோகும். கண்ணாடி போட்டவருக்கு ண, ன இரண்டும் ஒன்றுதான் அங்கே. இதற்கெல்லாம் புது எழுத்துரு விலைக்கு வாங்க வேண்டுமா என்றால் அதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. தனித்தன்மை வேண்டுமென்றால் முக்தா மலர், காட்டமரான், ஹிந்த் மதுரை என்று எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல எழுத்துருக்கள் உண்டு. தேவைப்படுவது, தமிழ்ப் பக்கத்தை ஒருவர் உட்கார்ந்து பார்த்து அளவுகளைத் திருத்துகிற அரை நாள். தமிழ்ப் பக்கத்தை முதலில் கட்டிவிட்டு ஆங்கிலத்தை அதில் பொருத்தினால் அந்த அரை நாளும் மிச்சம், ஆங்கிலம் எதிலும் அடங்கும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னும் மோசம். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 8 எழுத்து. கணினிக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் மெய்க்குப் புள்ளி தனி, உயிர்க்குறி தனி என்பதால் 15 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 45 பைட். இதே பெயர் ஆங்கிலத்தில் 13 எழுத்து, 13 பைட். பெயருக்கு 30 தாராளம் என்று ஒருவர் தரவுத்தளத்தில் எழுதி வைத்து, அந்த 30 பைட் கணக்காகவும் இருந்து, மிஞ்சியதை நிரல் சத்தமில்லாமல் வெட்டியும் விட்டால், பத்தாவது குறியீட்டோடு பெயர் நின்றுவிடும். சான்றிதழில் 'கிருஷ்ணமூர' என்று வரும். அவர் திருத்த விண்ணப்பம் போட வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. டெண்டர் டெமோவில் இது தெரியவே தெரியாது. அங்கே பெயர் 'டெஸ்ட்' அல்லவா. குறுஞ்செய்தியிலும் இதே கதை: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. தமிழில் ஒப்புகை அனுப்ப வேண்டும் என்றால் அந்த 70-க்குள் முக்கியமானதை முதலில் வைக்க ஒருவர் யோசித்து எழுத வேண்டும்.

முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி போட்டு இரண்டையும் கட்டாயமாக்கும் வார்ப்புருக்கள் எங்கிருந்து வந்தன என்று நமக்கே தெரியும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முழுப் பெயர் என்று ஒரு பெட்டி, தலைப்பெழுத்துக்கு ஒரு பெட்டி. முடிந்தது. பிறந்த தேதிக்கு நாட்காட்டிப் படம் விரித்து, மாதம் மாதமாகப் பின்னால் போகச் சொல்வது இன்னொன்று. முதியோர் உதவித்தொகைக்கு வரும் 1957-இல் பிறந்த ஒருவர், 2025-இலிருந்து பின்னோக்கிப் போக அம்புக்குறியை 816 முறை தட்ட வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டி வைத்தால் எண்ணைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அரசாணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும், தமிழுக்கென்றே வகுத்த டேஸ்16 குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. இன்றும் தளங்களில் ஏறுகிற பிடிஎஃப்களில் ஒரு பகுதி பழைய எழுத்துருவில் தட்டியவை, இன்னொரு பகுதி காகிதத்தை ஸ்கேன் செய்த படங்கள். முதல் வகையில் நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகள் வரும், இரண்டாவதில் நகலெடுக்கவே எதுவும் இல்லை. தேடினால் இரண்டும் கிடைக்காது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு இரண்டும் ஒன்றுதான். அதைவிடச் சின்ன விஷயம், தமிழ்ப் பக்கத்தின் நிரலில் மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்றே விட்டிருப்பது. அதனால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். மாற்ற வேண்டியது இரண்டே எழுத்து. பத்தாண்டு ஓடின தளத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

"பேக் பட்டனை அழுத்தாதீர்கள், பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள்" என்ற சிவப்பு எழுத்து எச்சரிக்கையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இது விண்ணப்பதாரருக்குச் சொல்லும் அறிவுரை மாதிரி இருக்கிறது. உண்மையில், எங்கள் வேலையை முடிக்காமல் விட்டுவிட்டோம் என்று நிரலர் எழுதித் தந்த ஒப்புதல் வாக்குமூலம். கைபேசியில் சிக்னல் போகும், அழைப்பு வரும், போன் அணையும். இதெல்லாம் நடக்கும் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். வழி எளிது. விண்ணப்பம் தொடங்கும்போதே ஒரு தனி எண் உருவாக்கி, நிரப்பியதை அவ்வப்போது அந்த எண்ணில் சேமித்துக்கொள்ள வேண்டும். கட்டணக் கோரிக்கையும் அதே எண்ணோடுதான் போக வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய ரசீதைக் காட்ட வேண்டும். இரண்டு முறை பணம் பிடித்துவிட்டது என்று உங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் எத்தனை இதனால் வருகின்றன என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முகப்பில் ஓடும் பெரிய படங்களை நீக்கச் சொன்னால் யாருக்குக் கோபம் வரும் என்று எனக்கும் தெரியும், அதனால் நீக்கச் சொல்லவில்லை. சுருக்கச் சொல்கிறேன். கேமராவிலிருந்து வந்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால், விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) அது ஒன்றுக்கே 32 விநாடி. ஐந்து படம் என்றால் இரண்டரை நிமிடத்துக்கு மேல். அதையே திரைக்கேற்ற அகலத்தில் வெப்பி என்ற சுருக்கமான பட வடிவத்தில் தந்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும், முகமும் தெளிவாகவே தெரியும்.

இதையெல்லாம் ஒரு கைவினைஞனின் நச்சரிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது, சட்டமும் இதையே கேட்கிறது. அரசு இணையதளங்களுக்கான மத்திய வழிகாட்டு நெறிகள் 2009-இல் வந்தன, மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30-இல் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. வங்கி அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னதில் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் மாட்டிக்கொண்டதால் வந்த தீர்ப்பு அது. கண் சிமிட்டச் சொல்லும் அந்தத் திரையையும் யாரோ வடிவமைத்து, யாரோ ஒப்புதல் தந்திருப்பார்கள்.

வெளிநாட்டைக் காட்டிப் பேசுவது எனக்கு அவ்வளவு பிடிக்காது, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டன் அரசு 2012 அக்டோபரில் தன் பழைய பெரிய பொதுத் தளங்கள் இரண்டுக்குப் பதிலாக ஒரே தளத்தைக் கொண்டுவந்தது. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, பச்சைப் பொத்தான். அங்கே வீட்டு உதவித்தொகை அலுவலகம் ஒன்றில் ஒரு பெண், பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியின் உலாவியில் அரசுத் தளத்தைத் திறந்து உதவித்தொகை விவரங்களைப் படித்துக்கொண்டிருந்ததை பிரிட்டன் அரசில் வேலை செய்த ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தக் கருவிக்கென்று யாரும் தனியாக எதையும் செய்யவில்லை. இணையப் பக்கத்தின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லில் எளிமையாக, ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள், அதனால் திறந்தது. 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஐரோப்பிய ஆய்வுக்கூடமான செர்னில் வைத்த முதல் தளத்தின் பக்கங்களும் இன்றைய உலாவியில் திறக்கின்றன. நம் ஊரிலோ, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற உலாவியில்தான் நன்றாகத் தெரியும் என்று அடிக்குறிப்புப் போட்ட தளங்கள் இன்னமும் இருக்கின்றன. அந்த உலாவியை அதைச் செய்த மைக்ரோசாஃப்டே 2022 ஜூனில் கைவிட்டுவிட்டது.

சரி, குறைந்த விலைக்குத்தானே கொடுக்க வேண்டியிருக்கிறது, நாங்கள் என்ன செய்ய என்று கேட்பீர்கள். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை வைத்துக்கொண்டு, மனதுக்குப் பிடித்தவருக்குக் கொடுங்கள் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் எந்தப் பொருளுக்கு விலை கேட்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. குறைந்த விலைக்கு வந்த கான்கிரீட்டும் 28 நாள் சோதனையில் தேற வேண்டும். சோதனை உண்டு என்று தெரிந்தால் எல்லோரும் அதைச் சேர்த்தே விலை போடுவார்கள். தேற முடியாது என்று தெரிந்தவர் வரமாட்டார்.

எனவே என் கோரிக்கை ஒன்றுதான். பக்க எண்ணிக்கை, வருகையாளர் எண்ணிக்கை எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றோடு இந்தப் பத்தியையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் நடையிலேயே எழுதிப் பார்த்திருக்கிறேன்:

"பணி ஏற்புக்கு முன்னர், துறையால் தெரிவு செய்யப்படும் ஐந்து விண்ணப்பதாரர்கள், தத்தம் சொந்தக் கைபேசியில், தமிழ்ப் பக்கத்தில், எவருடைய உதவியுமின்றி, தங்கள் உண்மையான பெயரையும் முகவரியையும் கொண்டு விண்ணப்பத்தை முழுமையாக நிரப்பி ஒப்புகை பெறுதல் வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வை மாற்றுத்திறனாளியாக இருத்தல் வேண்டும். அத்தருணத்தில் பக்கங்களை நேரடியாக வடிவமைத்த மற்றும் நிரல் எழுதிய பணியாளர்கள் உடனிருத்தல் வேண்டும். விண்ணப்பதாரர் தடைப்படும் ஒவ்வோர் இடமும் பதிவேட்டில் குறிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மறுசோதனை முடிந்த பின்னரே ஒப்பந்தத் தொகையில் 40 விழுக்காடு விடுவிக்கப்படும்."

ஐந்து பேர் போதுமா என்றால், முதல் இரண்டு பேரிலேயே பாதிக் குறை வெளியே வந்துவிடும் என்பது என் அனுபவம். வேலை செய்தவர் அந்த அறையில் இருக்க வேண்டும் என்று எழுதியதை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். மேலாளர் எழுதி அனுப்பும் அறிக்கையில் 'பயனர் சமர்ப்பிப்பதில் சிரமம்' என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது. ஒரு பள்ளியின் கட்டணப் பக்கத்துக்கு வேலை செய்தபோது, ஓர் அம்மா தொகையைத் தட்டிவிட்டு அப்படியே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால், அவருடைய சின்னத் திரையில் விசைப்பலகை எழும்பி 'கட்டணம் செலுத்து' பொத்தானை முழுக்க மறைத்திருந்தது. அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை, அடுத்து என்ன என்று காத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பொத்தானைப் பல வாரமாக என் மானிட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். இப்படிப் பார்த்தவன் அடுத்த தளத்தில் பொத்தானை எங்கே வைப்பது என்று இரண்டு முறை யோசிப்பான். தொழிலில் சேர்ந்து ஆறு மாதம் ஆன பையனும் பெண்ணும்தான் உங்கள் தளங்களைக் கட்டுகிறார்கள். விண்ணப்பதாரரின் பக்கத்தில் உட்கார அவர்களுக்கு ஒரு நாள் கிடைத்தால், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது அது.

அப்புறம், பழைய முகவரிகள். தளத்தைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு பழைய இணைப்பும் புதிய பக்கத்துக்குத் தானாகப் போகும்படி செய்து தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பலகைகளில் அச்சடித்த க்யூஆர் குறிகளும், உயர் நீதிமன்ற மனுக்களில் மேற்கோள் காட்டிய அரசாணை இணைப்புகளும் ஒரே இரவில் செத்துப்போவதைத் தடுக்க அந்த ஒரு வரி போதும்.

அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் நிறுவனத்தார் யாராவது எழுந்து, சோதனைக்கு விண்ணப்பதாரர்களை எங்கே போய்ப் பிடிப்பது என்று கேட்பார்கள். உங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையின் பெஞ்சைக் காட்டுங்கள். அங்கிருந்து வருகிற ஐந்து பேருக்கும் அன்றைய கூலியை ஒப்பந்தத்திலேயே ஒரு தனி இனமாக எழுதிவிடுங்கள். கடைக்காரரிடம் அந்தத் துண்டுச்சீட்டையும் கேட்டு வாங்கி, பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் இணைய வடிவமைப்பாளர்